தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

கிள்ளானுக்குப் பக்கத்தில், காப்பாரில் அண்ணன் போட்டிருந்த மரவள்ளியைக் காட்டுப்பன்றிகள் மறுபடியும் கிளறிப் போட்ட வாரத்தில்தான் போலீஸ் அனுமதி வந்தது. ஒரே ஒரு துப்பாக்கி வாங்கிக்கொள்ளலாம். அண்ணன் பெயரில், அந்த நிலத்துக்காக மட்டும். அவரைத் தவிர வேறு யாரும் அதைத் தூக்கக்கூடாது. பட்டாவைக் காட்டி, நேர்காணலுக்குப் போய், காத்திருந்து, காத்திருந்ததையே மறந்தும் போயிருந்தோம்.

விண்ணப்பம் போட்டபோது அண்ணனின் நெஞ்சில் மிஷின் இல்லை. அனுமதி வந்தபோது இருந்தது.

பேஸ்மேக்கர் என்பதை அவர் மிஷின் என்றுதான் சொல்வார். வாழ்நாளெல்லாம் லோரி ஓட்டியவர். எதுவும் அவருக்கு மிஷின்தான். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் மேடாகத் தெரியும். அந்தப் பக்கம் அடி படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துப்பாக்கி எந்தத் தோளில் உதைக்கும் என்று டாக்டரிடம் யாரும் பேசவில்லை. வலது பக்கம் பரவாயில்லையா என்று பிறகு நான் போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மெதுவான உதை என்றால் சரி என்றார். இந்த மாதிரி கேள்விகளோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற வயது எனக்கு வந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால் அண்ணன் நொட்டாங்கை.

சாப்பிடுவதற்கும் எழுதுவதற்கும் சோத்தாங்கையைப் பழக்கிவிட்டார்கள். அம்மா கரண்டிக்காம்பால், பள்ளிக்கூடத்தில் பிரம்பால். இடது கையால் காசு நீட்டினால் கடைக்காரர்கூட வாங்க மாட்டார். ஆனால் கல் எறிவது, ஆணி அடிப்பது, கவண் பிடிப்பது எதையும் அவர்களால் மாற்ற முடியவில்லை. கவணில் அவர் மாங்காய் அடித்து நான் பொறுக்கியிருக்கிறேன். இடது கண்ணால் குறி, இடது கையால் இழுப்பு. ஒன்றும் தப்பாது.

"தம்பி, நீங்க கூடப் போங்க," என்றார் அண்ணி, கிள்ளான் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு. "எதையாவது வாங்கிக்கட்டும். அந்தப் பக்கம் மட்டும் வைக்க விட்டுறாதீங்க. நான் சொன்னா பன்னி மேல உள்ள கோவம் எம்மேல வருது."

சரி என்றேன். அதுதான் என் வேலை. துப்பாக்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் சத்தத்துக்கு அடியில் குடியிருக்கிறவன். என் ஃபிளாட்டுக்குள் வரும் மிகப் பெரிய மிருகம் கரப்பான்.

மறுநாள் காலை கோலாலம்பூரின் பழைய பகுதியில் ஒரு கடைக்குப் போனோம். வெளியே இரும்புக்கதவு, மணி அடித்தால்தான் திறக்கும். உள்ளே எண்ணெய் வாசம், சுவரில் சங்கிலி கோர்த்த துப்பாக்கிகள், மேசை மீது பாதி குடித்த கோப்பி. கடைக்காரி ஐம்பது வயதுச் சீன அம்மாள். பிறந்து வளர்ந்தது கிள்ளானாம், அண்ணன் வாயைத் திறந்ததுமே தமிழில் ஆரம்பித்துவிட்டார்.

"பன்னிக்கா அண்ணே?"

"பன்னிக்குத்தான். ரைபிள் இருக்கா பாஸ்? மேல கண்ணாடி வச்சது?"

அண்ணன் கைப்பேசியில் அப்படித்தான் பார்த்து வைத்திருந்தார். பனி கொட்டும் ஏதோ ஒரு நாடு, தாடிக்காரன், தொலைவில் ஒரு மான். மான் நின்ற இடத்தில் நம்முடைய பன்றியை நிறுத்திப் பார்த்திருப்பார் போலும்.

"ரைபிளா? ஒங்க பெர்மிட்டுல ஷாட்கன் போட்டிருக்கு லா. செம்பனைத் தோட்டத்துக்குள்ள பன்னி எவ்ளோ தூரத்துல நிக்கும்? ஒங்களுக்கும் எனக்கும் நடுவுல உள்ள தூரம். அதுக்கு எதுக்கு ரைபிள், வானத்துல போற ப்ளேனுக்கா?"

அண்ணன் சிரித்தார். விலை கேட்கும் நேரம் வந்ததும் சிரிப்பு நின்றது. இபிஎஃப் பணத்தில் மிச்சமிருந்ததை வைத்துத்தான் நிலத்துக்கு உரம், கம்பி, குழாய் எல்லாம் ஆகவேண்டும். அதனால் விலை என்று வரும்போது அவர் குரல் ஒரு படி இறங்கும், பக்கத்து வீட்டில் யாரோ தூங்குவது போல.

முதலில் எடுத்துக் கொடுத்தது ஒற்றைக்குழல். புத்தம் புதிது, இருப்பதிலேயே மலிவு. அண்ணன் அதை ஒரு கையால் தூக்கினார். முகம் மலர்ந்தது.

"பாருடா, கொடை மாதிரி இருக்கு. இதே போதும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மலிவு, லேசு, புதிது. நம் வீட்டில் ரைஸ்குக்கர் வாங்கினாலும் இந்த மூன்றையும்தான் பார்ப்போம். அண்ணன் அதைத் தோளில் வைத்தார். இடது தோளில், மேட்டின் மேலேயே. துப்பாக்கியின் மரக்கட்டை சட்டைக்கு மேல் அங்கே போய் அமர்ந்ததைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"அண்ணே, அந்தப் பக்கம் இல்ல."

"சும்மா பாக்கறதுக்குடா."

"அவருக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கு," என்றேன் கடைக்காரியிடம். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், சின்ன வயதில் அவர் பீடி குடித்ததை அப்பாவிடம் சொன்ன நாள் இருந்தது.

கடைக்காரி ஒற்றைக்குழலை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டார்.

"இது லேசு அண்ணே. லேசா இருந்தா கழுதை மாதிரி ஒதைக்கும். நல்லா இருக்கிறவனுக்கே தோள் கருக்கும். ஒங்களுக்கு நான் விக்க மாட்டேன். அப்புறம் நீங்க ஆவியா வந்து காசத் திருப்பிக் கேட்டா நான் என்ன பண்றது?"

"ஆவிக்கு ரசீது வேணும்ல," என்றார் அண்ணன். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கனமாக இருந்தால் உதை குறையும் என்று கடைக்காரி விளக்கினார். அடியில் பாதியை இரும்பே வாங்கிக்கொள்ளும். தானாகவே அடுத்த தோட்டா ஏறுகிற ஒன்று இருந்தது. அதில் உதை இன்னும் மென்மை. ஆனால் விலையைச் சொன்னதும் அண்ணன் சுவரிலிருந்த நாள்காட்டியைப் படிக்க ஆரம்பித்தார். கடைசியில் கடைக்காரி உள்ளறையிலிருந்து ஒரு பழைய இரட்டைக்குழலைத் தூக்கி வந்தார். இறந்துபோன ஒருவருடையது. பிள்ளைகளுக்கு வேண்டாமாம், விற்றுத்தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டையில் ஒருவர் கன்னம் வருடக்கணக்காக உரசிய இடம் மட்டும் பளபளத்தது.

கடைக்காரி அதை மடக்கித் திறந்து குழல்களை வெளிச்சத்துக்கு நீட்டினார். உள்ளே இரண்டு நிலவுகள், ஒரு கறைகூட இல்லை. மூடிவிட்டுக் காதருகே வைத்து ஆட்டினார். இணைப்பு தளர்ந்திருந்தால் கிலுகிலுக்கும் என்றார். சத்தம் இல்லை. புது ஒற்றைக்குழலைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் விலை. அண்ணன் வாங்கிப் பார்த்தார். கை தாழ்ந்தது.

"செங்கல் மாதிரி இருக்கே."

"செங்கல் ஒதைக்காது லா. இப்ப வலது தோளு. கண்ண மூடுங்க. தூக்குங்க. கன்னத்த வைங்க. ம், இப்ப தொறங்க. என்ன தெரியுது?"

அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"செவுரு தெரியுது. குழல் எங்கியோ சைடுல போவுது."

கடைக்காரி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். கையை மாற்றிவிட்டார்கள், கண்ணை மாற்ற முடியவில்லை. அது இன்னும் கவண் பிடித்த பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"கண்ணாடியக் கழட்டுங்க," என்றார் கடைக்காரி. மேசையில் கிடந்த மங்கலான ஒட்டுப்பட்டையில் ஒரு துண்டு கிழித்து, அண்ணனின் மூக்குக்கண்ணாடியில் இடது சில்லின் நடுவில் ஒட்டினார். "இந்தக் கண்ணு ரொம்ப அதிகாரம் பண்ணுது. இதுக்கு லீவு குடுத்துட்டா அந்தக் கண்ணு வேலை செய்யும். திரும்ப மூடித் தொறங்க."

மூடினார், தூக்கினார், திறந்தார். குழலின் முனையில் ஒரு சின்னப் பித்தளை மணி உண்டு. அது நேராகத் தெரிகிறது என்றார். மறுபடியும் செய்தார். மறுபடியும் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

"ஒட்டுப்பட்டைக்கு எவ்ளோ பாஸ்?"

"அது ஃப்ரீ."

அப்படித்தான் அந்த இரட்டைக்குழலை வாங்கினோம். போலீஸ் நிலையத்தில் பதிந்து, உறையில் போட்டு, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து கிள்ளான் திரும்பினோம். அண்ணன் அதை மடியில் குறுக்காக வைத்திருந்தார். தொடக்கூடாது என்பதால் நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நல்ல பொருள், நல்ல விலை, மெதுவான உதை, சரியான பக்கம். அண்ணிக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் ஹாலில் பயிற்சி. காலித் துப்பாக்கி, ஒட்டுப்பட்டைக் கண்ணாடி, வலது தோள். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணையே குறி பார்ப்பார். "பன்னி ஹாலுக்குள்ள வராது, வழிய விடுங்க," என்று அண்ணி காயப்போட்ட துணிகளோடு நடுவில் நடந்து போவார். ஒவ்வொரு தடவையும் சரியாக வலது பக்கமே போகிறது என்று அண்ணன் எனக்குத் தொலைபேசியில் சொல்வார். ஆணி அடித்தாலும் இப்போது வலதுதானாம். நான் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காப்பாருக்குப் போனோம். நிலத்தின் ஓரத்தில் வேனை நிறுத்தி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காற்றுக்கு எதிரே போட்டோம். முன்னால் மரவள்ளி, அதற்கப்பால் அடுத்தவருடைய செம்பனைக்காடு, வெயில் இறங்கி ஓலைகளுக்கடியில் கருப்பாகத் தேங்கத் தொடங்கியிருந்தது. அண்ணன் இரண்டு தோட்டாக்களைப் போட்டு மூடினார். எதிரே மண்மேடு, அதைத் தாண்டி எதுவும் போகாது என்று பலமுறை சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியாது. கொசு கடித்தது. தூரத்துச் சாலையில் கொள்கலன் லோரிகள் துறைமுகத்துக்குப் போகிற சத்தம், கடலே சக்கரம் கட்டிக்கொண்டு போவது போல. எனக்குத் தூக்கம் வந்தது. இப்போதெல்லாம் எதற்காகக் காத்திருந்தாலும் எனக்குத் தூக்கம் வருகிறது.

பன்றிகள் சத்தமில்லாமல் வந்தன. ஒரு பெரிய கிடாப்பன்றி, தோளில் முள்ளாக மயிர். பின்னால் ஒன்றிரண்டு. கிடா தலையை மண்ணுக்குள் செருகி ஒரு செடியை அப்படியே தூக்கிப் போட்டது.

அண்ணன் எழுந்தார். துப்பாக்கி மேலே போனது. அத்தனை வேகமாக, அத்தனை அழகாக, பயிற்சியில் ஒருநாளும் போகாத மாதிரி போனது. இடது தோளுக்கு.

"அண்ணே!"

என் சத்தத்தில் மரவள்ளி முழுக்க அதிர்ந்தது. கருப்பு உருவங்கள் செம்பனைக்குள் விழுந்தடித்துக்கொண்டு மறைந்தன.

"எவன்டா ஒன்னக் கூட்டியாந்தது? நின்னுச்சுடா! கிடா நின்னுச்சு! காட்டுக்கு வந்து சினிமா கொட்டாயில விசிலடிக்கிற மாதிரி..."

அப்போதுதான் தன் தோளைப் பார்த்தார். கட்டை இன்னும் அங்கேயே, மேட்டின் மேலேயே இருந்தது. விரல் விசைக்குப் பக்கத்தில். இடது சில்லில் ஒட்டுப்பட்டை. பன்றியைக்கூட அவர் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். ஒட்டுப்பட்டையின் வெள்ளை மங்கலுக்குள் ஒரு கருப்புப் பொட்டு தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

துப்பாக்கியைக் கீழே இறக்கினார். மடக்கினார். தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். உறையின் ஸிப் சரியாக மூடவில்லை, இரண்டு தடவை இழுத்தார். உதவி செய்ய என்னால் முடியாது, சட்டம் அப்படி. சும்மா நின்றேன்.

பிறகு உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தோம். அண்ணன் வலது கையை இடது நெஞ்சின் மேல் வைத்திருந்தார், வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார்.

"கண்ணுல டேப்பு ஒட்டலாம்டா," என்றார். "கைக்கு என்னத்த ஒட்டறது?"

"இன்னும் கொஞ்ச நாள் பழகினா..."

"வீட்டுல பழகலாம். பன்னியப் பாத்ததும் ஒடம்பு பழசுக்குப் போயிடுதே. நான் வைக்கலடா, அதுவாப் போச்சு." கோப்பையை ஆட்டி மிச்சத்தைத் தரையில் ஊற்றினார். "ஒங்க அண்ணிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஒன்னும் சொல்லாத."

"சரிண்ணே."

"அந்தக் கடைக்காரம்மா திருப்பி எடுத்துக்குமா?"

"எடுத்துக்குவாங்க. வெலையக் கொறைப்பாங்க."

"கொறைக்கட்டும். நல்ல சாமான்டா அது. குத்தம் சொல்ல முடியாது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள நாற்காலிகளைத் தூக்கி வேனில் ஏற்றத் தொடங்கினேன். இருட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை. பின்னால், மரவள்ளிக்குள், சடக் சடக்கென்று தண்டுகள் ஒடியும் சத்தம். கிழங்கு மெல்லும் ஈரச் சத்தம். அவை திரும்பி வந்துவிட்டன, எங்களைத் துளிக்கூட மதிக்காமல்.

"திங்குதுங்கண்ணே," என்றேன்.

அண்ணன் முன்சீட்டில் ஏறி, துப்பாக்கியை மடியில் வைத்து, பெல்ட்டை மேட்டின் மீது அழுந்தாமல் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"திங்கட்டும். வண்டிய எடு, பசிக்குது."