தொட்டியில் நடந்த நாயும் தொடாத அப்பாவும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் வாசலில் செம்மண் நிறத்தில் ஒரு நாய் படுத்திருக்கும். அதை நான் வளர்க்கவில்லை. காலையில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது டிபன் பாக்ஸிலிருந்து ரெண்டு இட்லி போடுவேன், அவ்வளவுதான். ஆனால் அது அடிபட்ட அன்று செக்யூரிட்டி அண்ணன் எங்கள் லேபுக்குப் போன் போட்டு என்னைத்தான் கூப்பிட்டார்.

"மேடம், டிரெய்லர்காரன் ரிவர்ஸ்ல வந்துகினு உங்க நாய இட்ச்சிட்டான். எந்திரிக்க மாட்டேங்குது. இன்னா பண்றது?"

"என் நாயா?"

"இட்லி போட்டது நீங்கதான மேடம்."

அதற்கு மேல் வாதாட இடமில்லை. வலது பின்தொடையில் எலும்பு முறிந்திருந்தது. சென்னைக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கே கூட்டிவந்தேன். சில வாரம் கழித்து எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. அந்தச் செய்தி நாய்க்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அடிபட்ட காலை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு மூன்று காலில் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. தொடை சூம்பிப்போயிற்று. இனி மருந்தில்லை, தண்ணீரில் நடக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீரில் உடம்பு கனக்காது, பயமில்லாமல் காலை ஊன்றும் என்றார். சோழவரம் பக்கம் நாய்களுக்கென்றே ஒரு பிசியோதெரபி இடம் இருந்தது. சனிக்கிழமைதோறும் வரச்சொன்னார்கள்.

அதே வாரம்தான் திருவள்ளூரிலிருந்து அப்பா வந்தார். அண்ணன் வீட்டில் மாடி கட்டும் வேலை, தூசி தாங்கவில்லை. அப்பா ஆயுசு முழுக்கக் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணியவர். ஈரவேட்டியும் மடியுமாகவே இருந்து பழகியவர். நாய் இருப்பதை நான் போனில் சொல்லியிருந்தேன், எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. கிரில் கதவைத் திறந்ததும் அது வாலை ஆட்டிக்கொண்டு மூன்று காலில் எழுந்து நின்றது.

"இது உள்ளே வருமோ?"

"வராதுப்பா. வராண்டாவோட சரி."

"அப்போ நான் வராண்டாவுக்கு வரமாட்டேன்," என்று சொல்லி இருவருக்கும் எல்லை பிரித்துவிட்டு ஹாலுக்குள் போனார்.

முதல் சனிக்கிழமை, வழியில் ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது என்று ஆசைகாட்டித்தான் அவரை என் பழைய காரில் ஏற்றினேன். நான் ஒருத்தியாக வண்டியையும் நாயையும் சமாளிக்க முடியாது. அவர் முன்சீட்டில் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் நாய் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது.

அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பெரிய தொட்டி. அடியில் டிரெட்மில் போல ஓடும் பட்டை. நாயை உள்ளே நிறுத்தி, தொடை முங்கும் வரை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பட்டையை மெல்ல ஓடவிட்டார்கள். எங்கள் நாய் அதிலும் மூன்று காலில் நடந்தது. நாலாவது கால் தண்ணீரில் சும்மா மிதந்தது. நான் முன்னால் நின்று பிஸ்கட்டைக் காட்டினேன். அது என்னையும் பார்க்கவில்லை, பிஸ்கட்டையும் பார்க்கவில்லை. கதவோரம் ஒதுங்கி நின்ற அப்பாவையே பார்த்தது.

"வீட்ல சோறு வைக்கிறது ஐயாவா?" என்று கேட்டாள் அந்த பிசியோதெரபி டாக்டர் பெண்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் வேலைக்குப் போனபிறகு மதியம் வீட்டில் என்ன நடக்கிறதென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஒரு தூக்கு நிறைய தயிர்சாதம் கொண்டுவந்தார். கூடவே முழங்கை நீளத்துக்கு ஒரு கரண்டி. கடுகு, மிளகாய், உப்பு எதுவும் போடவில்லை என்று டாக்டரிடம் முறையாகத் தெரிவித்தார். தொட்டியின் முன்னால் நின்று, கரண்டி நுனியில் கொஞ்சம் சாதத்தை எடுத்து நாயின் மூக்குக்கு எட்டாத தூரத்தில் நீட்டினார்.

"ஐயா, கையிலயே குடுக்கலாம். கடிக்காது."

"கடிக்கும்னு யார் சொன்னா? விழுப்பாயிடும், அதான்."

அந்தப் பெண்ணுக்கு விழுப்பு என்றால் என்னவென்று தெரியவில்லை. தொட்டால் அவர் குளிக்க வேண்டும் என்று நான் விளக்கினேன். நாய்க்கு விளக்கம் தேவைப்படவில்லை. அது கரண்டியை நோக்கி எட்டுவைத்தது. பட்டை பின்னால் இழுக்க, எட்டிப்பிடிக்க மூன்று கால் போதவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்த டாக்டர், "கால வெச்சுட்டான், வெச்சுட்டான்," என்றாள்.

"ரெண்டு தரம் வச்சான்," என்றார் அப்பா. "நான் பார்த்தேன்."

அதுவரை அப்பாவுக்கு அந்த நாய் 'அது'தான்.

வீட்டிலும் தினமும் பயிற்சி செய்யச் சொன்னார்கள். வெந்நீர்த் துண்டை இடுப்பில் போட்டு, காலை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும், இருபது தடவை. அதை நான் வேலைவிட்டு வந்து வராண்டாவில் உட்கார்ந்து செய்வேன். அப்பா எல்லைக்கு அந்தப்பக்கம் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார்.

"ஏழுன்னு ரெண்டு தரம் எண்ணிட்டே."

"இல்லப்பா."

"துண்டு ஆறிப்போச்சு. என்னடி அவசரம், உனக்குப் பண்ணினா இப்படித்தான் பொறுத்துப்பியா?"

கார்த்திகை மாதம் ஒருநாள் கம்பெனியில் கரண்ட் இல்லாமல் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். தூறல். ஸ்கூட்டரைத் தெருமுனையில் கடைக்கூரைக்குக் கீழே விட்டுவிட்டு நடந்துவந்தேன். கிரில்லுக்கு அந்தப்பக்கம் அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நாயின் பின்னங்கால். ஆவி பறக்கும் துண்டைப் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, அதன் இடுப்பில் போட்டார். பெரிய உருளியில் சாதம் கிளறிய கை அது. அந்தக் கையால் முட்டியைத் தாங்கிப்பிடித்து மடக்கி, நீட்டி, மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தார். நாய் கண்ணை மூடியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் போடாமல் திரும்பிப்போய், கடையில் ஒரு டீ குடித்து, வேண்டுமென்றே ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தேன்.

அப்பா குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலத்துல எதுக்குப்பா குளியல்?"

"ஒரே புழுக்கம்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வெளியே மழை வலுத்துவிட்டிருந்தது.

எத்தனை நாளாக இந்தப் புழுக்கம் என்று நான் கேட்கவில்லை. அன்று மாலையும் நான் துண்டை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் எண்ணிக்கையில் குற்றம் கண்டுபிடித்தார். ஆக அந்த நாய்க்கு நாளுக்கு நாற்பது ஆயிற்று. அடுத்த சனிக்கிழமை டாக்டர், எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேறுகிறது என்று என்னைப் பாராட்டினாள். அப்பா ஜன்னல் வழியாகச் சோழவரம் ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்ததும் அண்ணன் வீட்டில் வேலை முடிந்தது. அப்பா கிளம்பும்போது நாய் நாலு காலில் ரயில்வே கேட்வரை நடந்துவந்து வழியனுப்பியது. லேசான சாய்வு இருந்தது. அது போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாள். வண்டிக்குக் காத்திருக்கும்போது அப்பா எனக்குப் பாடம் எடுத்தார்.

"பன்னண்டாவது தரம் மடக்கறச்சே முட்டியிலே சின்னதா ஒரு சொடுக்கு வரும். அங்கே நிறுத்தி, அப்புறம் நீட்டணும்."

"தொடாம எப்படிப்பா தெரிஞ்சுது?"

"காதுல விழறதே," என்றார்.

இப்போது நாய்க்கு வயதாகிவிட்டது. அடிபட்ட இடத்தில் மூட்டுவாதமும் சேர்ந்துகொண்டது. மாதம் ஒருதரம் தொட்டிக்குப் போகிறோம், குளிர்காலத்தில் ரெண்டு தரம். வராண்டா எல்லையை அது எப்போதோ தாண்டிவிட்டது, ஹாலில் அப்பாவின் நாற்காலிக்குக் கீழேதான் தூங்குகிறது. சாயங்காலம் நான் ஒத்தடம் கொடுக்கும் நேரம் பார்த்து அப்பா போன் செய்வார். நான் சாப்பிட்டேனா என்று கேட்பதில்லை.

"போனை அவன் முட்டி பக்கத்துல வை," என்பார்.

வைப்பேன். நான் மடக்கி நீட்டுவேன். திருவள்ளூரில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"ம். நேத்திக்கு இன்னிக்குத் தேவலை," என்பார். "ஆனா நீ வேகமா பண்றே."