கழகத்தை இழந்த நகரமும் எங்கள் அக்காவும்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவுற்ற இந்நாளில், என் ஒரேயொரு உடன்பிறப்பான அக்காவின் நினைவாக அச்சிட்ட இம்மலரை உங்கள் கைகளில் தருகின்றோம். கனடாவிலும் லண்டனிலும் வாழும் எங்கள் உறவினர் பலருக்கு, அக்கா சுவிஸில் ஏதோ விளையாட்டு மைதானத்தில் வேலை செய்தவர் என்பது மட்டுமே தெரியும். அவர் செய்த வேலையையும், அதனால் ஒரு நகரத்துக்கே அவர் என்னவாக இருந்தார் என்பதையும் இங்கே எழுதிவைப்பது தம்பியாகிய என் கடமை.

அக்கா எங்கள் ஊரான கரவெட்டியில், தபாற்கந்தோரில் பணிபுரிந்த எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். உயர்தர வகுப்பில் அக்கா கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது ஐயா திடீரெனக் காலமானார். அத்துடன் அக்கா படிப்பை நிறுத்திவிட்டுத் தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தை விட்டதைப் பற்றி அவர் பின்னர் எக்காலத்திலும் கதைத்ததில்லை. போரும் இடப்பெயர்வும் வந்தன. அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு மூன்று ஊர்கள் மாறினார். பிறகு திருமணம் பேசி, அத்தானிடம் சுவிஸுக்கு வந்து சேர்ந்தார். அத்தான் அப்போது பேர்ணிலிருந்து அதிக தூரமில்லாத இந்நகரத்தில், ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார்.

முதல் சில வருடங்கள் அக்காவுக்கு இந்நகரம் பிடிக்கவில்லை. குளிரை அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் இருந்தது மனிதர்களின் மௌனம். படிக்கட்டில் கண்டால் வணக்கம் சொல்வார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அவர்களின் மகள், என் மருமகள், பிறந்து பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் அக்கா வேலை தேடினார். நகரத்தின் ஐஸ் ஹொக்கி அரங்கில், போட்டி முடிந்தபின் பார்வையாளர் படிகளைத் துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. உயர்மட்டப் போட்டிகளில் ஆடும் ஒரு தொழில்முறைக் கழகம் இந்நகரத்துக்கு இருந்தது. அதன் சொந்த அரங்கு அது. முதல் நாள் நேரத்தோடு போய்விட்ட அக்கா, போட்டியின் கடைசிப் பகுதியை ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். மறுநாள், அதற்குள் நானும் சுவிஸுக்கு வந்து பேர்ணுக்கு அருகே ஓஸ்டர்முண்டிகனில் இருந்ததால், எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, இந்தச் சனத்துக்குச் சத்தம் போடத் தெரியுமடா! நான் இவ்வளவு காலமும் ஊமைச் சனமெண்டெல்லோ நினைச்சிருந்தனான். கோல் அடிச்சவுடனை எங்கடை பக்கத்து வீட்டு மனுசி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவ. காலமை படிக்கட்டிலை கண்டனான், பழையபடி வணக்கம் மட்டும்தான்.”

சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஆனால் அந்தக் குரலில் இருந்த பிரமிப்பு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நாள் முழுவதும் வாய் திறவாத ஒரு நகரம், ஒரு கூரைக்குள் வந்ததும் ஒரே தொண்டையால் பாடியதை அவர் அன்று கண்டிருந்தார்.

அவரைக் கவர்ந்த மற்றொன்று ஐஸ். அரங்கின் ஐஸைப் பராமரிக்கும் பொறுப்பாளரை இங்கே ஐஸ்மைஸ்டர் என்பார்கள். வால்டர் என்ற முதியவர் அப்பணியில் இருந்தார். கீழே குழாய்களில் குளிர் ஓடுகிறது, அதற்கு மேலே உறைந்திருப்பது இரண்டு விரல் தடிப்பு ஐஸ் மட்டும்தான் என்று அவர் சொன்னபோது அக்கா நம்பவில்லை. “இவ்வளவு மெல்லிசிலையோ இந்த ஊரே நிக்குது?” என்று என்னிடம் கேட்டார். பின்னர் வால்டருக்குத் தோளில் சத்திரசிகிச்சை நடந்தது. விடியற்காலையில் வந்து ஐஸைத் தேய்த்துச் சமப்படுத்தும் இயந்திரத்தை ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. அக்கா தானாகவே போய்க் கேட்டார். அத்தான் பதறிப்போனார்.

“நீ கார் கூட ஓட்டினதில்லை. அது லொறி மாதிரிச் சாமானப்பா!”

“அதுக்கு லைசென்ஸ் தேவையில்லையாம். எதிரிலை வாகனமும் வராது. பிறகென்ன பயம்?” என்றார் அக்கா.

பயிற்சி முடித்து, போட்டியின் இடைவேளையில் முதன்முதலாக அவர் இயந்திரத்தில் ஏறி வந்த நாளில் நானும் மருமகளும் பார்வையாளர் படியில் நின்றோம். கழகத்தின் தடித்த குளிர்ச்சட்டை, நெற்றியில் பொட்டு. அரங்கமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் வளைவில் இயந்திரம் சுவர்ப் பலகையை உரசும் அளவுக்கு நெருங்கியதும் நான் என்னை மறந்து “அக்கா! அக்கா, பாத்து!” என்று கத்திவிட்டேன். பின்னால் நின்ற இளைஞர்கள் அதை அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் கத்த, அடுத்த படிகளும் கத்தின. கடைசி வளைவைச் சுற்றி அவர் வெளியேறுவதற்குள் “அக்-கா! அக்-கா!” என்று அரங்கம் முழுவதும் தாளத்தோடு முழங்கியது. அதற்குப் பிறகு இந்நகரத்தில் வெதுப்பகத்தாரும் தபாற்காரரும் பேருந்து ஓட்டுநரும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள். அதன் பொருளை மருமகள்தான் பலருக்கும் விளக்கிச் சொன்னார். பொருள் தெரிந்த பின்னும் அப்படியே அழைத்தார்கள். வால்டர் ஓய்வு பெற்றதும் அந்தப் பதவி அக்காவிடம் வந்தது.

இனி, அந்தக் கழகம் இல்லாமற்போன கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு பருவகாலம் முடிந்த வசந்தத்தில், கழகம் கடன் கட்ட வழியின்றி வங்குறோத்தாகிவிட்டது என்ற செய்தி வந்தது. அடுத்த ஆண்டு விளையாட அனுமதியும் இல்லை. வீரர்கள் வேறு நகரங்களுக்குப் போனார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு வியாபாரம் மூடப்பட்ட செய்திதான். ஆனால் இந்நகரத்தின் பெயர் செய்திகளில் ஒலித்ததே அந்தக் கழகத்தால்தான். தூரத்து ஊரில் “எந்த இடம்?” என்று கேட்பவருக்குக் கழகத்தின் பெயரைச் சொன்னால் உடனே விளங்கும். சனிக்கிழமை மாலைகளில் ஓடிய விசேட பேருந்து நின்றது. கழகத்தின் நிறத்தில் பணிஸ் சுட்ட வெதுப்பகம் அதை நிறுத்தியது. தொழிற்சாலையின் மதியச் சாப்பாட்டு மேசையில் கதைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தந்தையும் மகனுமாகப் பல வருடங்கள் ஒரே படியில் நின்று பார்த்தவர்கள், இப்போது எங்கே சந்திப்பது என்று தெரியாமல் இருந்தார்கள். ஒரு நகரம் இவ்வளவும் ஒரு விளையாட்டின் மேல் கட்டிவைத்திருந்ததா என்று நான் வியந்தேன்.

செய்தி வந்த அன்று மாலை மக்கள் அரங்கின் வாசலுக்கு வந்தார்கள். எவரும் அழைக்கவில்லை. கழகத்தின் கழுத்துச் சால்வைகளைக் கதவுக் கம்பிகளில் கட்டினார்கள். மெழுகுதிரி வைத்தார்கள். பிறகு என்ன செய்வதென்று அறியாமல் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். அக்கா உள்ளேயிருந்து அதைப் பார்த்துவிட்டு அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“உங்கடை பெரிய கிடாரத்திலை தேத்தண்ணி வையுங்கோ. செத்த வீட்டுக்கு வந்த சனம் சும்மா நிக்குது.”

அத்தான் உணவக முதலாளியிடம் சொல்லி, கிடாரத்தையும் பணிஸ்களையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். அக்கா ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பையைக் கொடுத்தார். கை சூடானதும் அவர்களுக்கு வாயும் திறந்தது. தாங்கள் பார்த்த முதல் போட்டியைப் பற்றி, இறந்துபோன தந்தையைப் பற்றி, அரங்கில் சந்தித்து மணந்த மனைவியைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் சவத்துக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிச் சொல்லி அழுவது போலவே அது இருந்தது.

அங்கே வந்திருந்த எங்கள் தமிழ் நண்பர் ஒருவர் அக்காவிடம் மெல்லச் சொன்னார்: “என்ன இது, ஒரு விளையாட்டுக் கோஷ்டிக்கு இப்பிடி அழுகினம்? நாங்கள் வீடு, ஊர், உறவெண்டு எவ்வளவத்தைக் குடுத்திட்டு வந்தனாங்கள்.”

அக்கா கோபிக்கவில்லை. “ஓம். அதாலைதானே எங்களுக்கு இது விளங்குது. இழவைத் தராசிலை வைச்சு நிறுக்கலாமோ? இந்தாங்கோ, அந்தக் கிழவருக்கு ஒரு தேத்தண்ணி குடுத்திட்டு வாங்கோ” என்றார். அவரும் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் கோடையில் இன்னொரு செய்தி வந்தது. கழகம் இல்லாத அரங்கைக் குளிரூட்டிக்கொண்டிருப்பது வீண் என்றும், அதை மூடிக் களஞ்சியமாக்கலாம் என்றும் கெமைண்டேயில், அதாவது இந்நகரசபையில், ஒரு யோசனை வைக்கப்பட்டது. வாக்குரிமை உள்ள எவரும் நகரசபைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசலாம். அக்கா சுவிஸ் பிரசை. ஆனால் ஒரு கூட்டத்திலும் அவர் வாய் திறந்ததில்லை. அன்று ஒலிவாங்கியை நோக்கி அவர் நடந்தபோது, பார்வையாளர் வரிசையில் என்னோடு இருந்த மருமகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அக்கா சுவிஸ் ஜேர்மனில், தன்னுடைய உச்சரிப்பிலேயே பேசினார். அதைத் தமிழில் தருகிறேன்.

“நான் இங்கே வந்தபோது ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. அது உங்கள் குற்றம் இல்லை. நீங்கள் உங்களுக்குள்ளேயும் கதைப்பதில்லை.” கூட்டம் சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். “அந்தக் கூரைக்குள்தான் கதைத்தீர்கள். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாமலே கட்டிப்பிடித்தீர்கள். என்னையும் கட்டிப்பிடித்தீர்கள். கழகம் செத்துப்போய்விட்டது, அது எழும்பி வராது. எங்கள் ஊரில் செத்தவரை எரிப்போம், வீட்டை எரிப்பதில்லை. வீட்டில் மற்றவர்கள் இருக்க வேண்டும். நீங்கள் ஐஸைத் தாருங்கள். விளையாடப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.”

அவ்வளவுதான் பேசினார். தலைவர் வாக்கெடுப்புக்கு அழைத்ததும் கைகள் எழுந்தன. மண்டபத்தின் முன்வரிசையிலிருந்து சுவர் ஓரம் நின்றவர்கள் வரை கைகள். எண்ணுவதற்கென்று எழுந்தவர்கள் எண்ணாமலே உட்கார்ந்தார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அன்று வெற்றிக்களிப்பு இருக்கவில்லை. ஏதோ பெரிய கோயிலுக்குள் முதன்முறை நுழைந்தவரின் முகமாக அது இருந்தது.

அரங்கு தப்பியது. ஆனால் வேலையாட்கள் போய்விட்டார்கள். ஐஸ் உருகி வெறும் சீமெந்துத் தரையாகக் கிடந்தது. இலையுதிர்காலம் வந்ததும், உதவிக்கு வரலாம் என்று அக்கா வாசலில் ஓர் அட்டையில் எழுதி ஒட்டினார். ஆசிரியர்கள், கடைக்காரர், ஓய்வூதியர், கழகத்தின் பழைய அணித்தலைவர் எல்லோரும் வந்தார்கள். வால்டர் நாற்காலியில் இருந்தபடி ஆலோசனை சொன்னார். நீரை மழைத்தூறல் போல மெல்லத் தெளிக்க வேண்டும், அது உறைய வேண்டும், பிறகு மறுபடியும் தெளிக்க வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். குழாயைப் பிடித்தபடி நகரத்து மக்கள் வரிசையாக நடந்தார்கள். வெள்ளை பூசி, சிவப்பு நீலக் கோடுகள் இட்டு, அவற்றுக்கு மேலும் நீர் தெளித்தார்கள். தரை கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியாக மாறியது. தாங்கள் வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றைத் தங்கள் கையாலேயே உண்டாக்கலாம் என்பதை அவர்கள் அன்றுதான் அறிந்தார்கள்.

அரங்கு திறந்த நாளில் போட்டி எதுவும் இல்லை. படியில் நின்று பழகியவர்கள் சறுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டு தாங்களே இறங்கினார்கள், விழுந்தார்கள், ஒருவரையொருவர் தூக்கிவிட்டார்கள். அணித்தலைவர் அக்காவுக்கும் ஒரு சோடிச் சப்பாத்து கொண்டுவந்து நீட்டினார்.

“ஐயோ வேண்டாம். நான் விழுந்தா ஆர் மெசின் ஓட்டுறது?” என்று அக்கா தமிழிலேயே சொன்னார். அவருக்கும் விளங்கிவிட்டது.

அந்தத் தொழில்முறைக் கழகம் திரும்பி வரவேயில்லை. அதன் இழப்பு இன்றும் இந்நகரத்தில் இருக்கிறது. சனிக்கிழமை மாலைகள் முன்போல இல்லை. ஆனால் பிள்ளைகளின் அணியும் பெண்களின் அணியும் உருவாயின. பார்க்கச் சிறு கூட்டம் வருகிறது. பாடுகிறார்கள்.

சென்ற ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் இயலுமானவரை வேலைக்குப் போனார். இயலாதபோது தன் இடத்துக்கு ஓர் இளம் பெண்ணைப் பழக்கிவிட்டு, வைத்தியசாலைக் கட்டிலில் அமைதியாகப் படுத்துக்கொண்டார். கடைசி வாரம் நான் பக்கத்தில் இருந்தேன். “நான் எவ்வளவு பெரிசைப் பாத்திட்டன் தம்பி” என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. ஒரு காலைப்பொழுதில் அத்தானும் மருமகளும் கையைப் பிடித்திருக்க, அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் மூன்று வேளையும் உணவு கொண்டுவந்த அயலவருக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினருக்கும், கிரியைகளைச் செவ்வனே நடத்திய ஐயருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. இந்நகரத்துக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

தகனசாலை மண்டபத்தில் நாங்கள் வாய்க்கரிசி போட்டு முடித்தபோது, மண்டபத்துக்கு வெளியே புல்வெளி நிறைய இந்நகரத்து மக்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு அம்மையார் உள்ளே வந்து, நாங்கள் அரிசி போட்டதைச் சுட்டிக்காட்டி, தாங்களும் போடலாமா என்று மருமகளிடம் கேட்டார். ஐயர் என்னைத் தனியாக அழைத்தார்.

“தம்பி, இது உரித்துக்காரர், சொந்தபந்தம் போடுறது. இவை எல்லாரும் உரித்தோ?”

நான் வெளியே பார்த்தேன். “ஓம் ஐயா. எல்லாரும் உரித்துத்தான்” என்றேன்.

ஐயர் தலையசைத்தார். அவர்கள் ஒவ்வொருவராக, தொப்பியைக் கழற்றி, அரிசியை எடுத்துப் போட்டுக் கும்பிட்டுப் போனார்கள். வரிசை பாதியும் முடியாதபோதே அரிசி முடிந்துவிட்டது. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் அரிசி கொண்டுவர ஆளை அனுப்பினார். வரிசை கலையாமல் காத்து நின்றது.

என்றும் உங்கள் அன்புக்குக் கடமைப்பட்ட
தம்பி
ஓஸ்டர்முண்டிகன்