குண்டூசி பிடுங்கின படங்கள்

பெரிய மனுசங்க காயிதத்த அடுக்குத வேலைக்குப் போனவங்களுக்குத் தெரியும்: தூசி மூக்குல ஏறும், கோவம் தலைக்கு ஏறும், வாயத் தொறந்தா வேலை போயிரும். காலேஜ் லீவுல எனக்கு மூணும் நடந்துச்சு.

ரெண்டாவது உலக யுத்தம் முடிஞ்ச சமயம் மலாயாவுல நம்ம சர்க்கார் பிரதிநிதியா இருந்தவரு ஒருத்தர், ரிட்டயராகி தூத்துக்குடியில கடலப் பாத்த வீட்டுல இருந்தாரு. சுயசரிதை எழுதணுமாம். அவரோட பழைய கிளார்க் செல்லையா அண்ணாச்சிக்கு ஒத்தாசையா என்னயப் போட்டாவ.

மூணு அடுக்கு

முத அடுக்கு, முத்திரை வச்ச கடுதாசி. ரெண்டாவது, விருந்து அழைப்பு. மூணாவது, இங்கன இருந்து போன மனு. மலாயாவுக்கு வேலைக்குப் போயி யுத்தத்துல தகவல் இல்லாமப் போன புருசன் எங்க, அண்ணன் எங்கன்னு கேட்டு எழுதினது. அந்த மூட்டைய மட்டும் சனிக்கிழம கொளுத்திரணும்னு ஐயா உத்தரவு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "எவன் பக்கத்துல எவன் உக்காந்து சூப்பு குடிச்சாங்கறது பத்திரமா இருக்கணும், ஆளு உசிரோட இருக்கானான்னு கேட்டது குப்பையா அண்ணாச்சி?"

அவரு தலைய நிமித்தவே இல்ல. "ஏளா, விருந்துக்குப் பதில் போடலன்னா மானம் போயிரும். இதுக்குப் பதில் போடலன்னு எவன் வந்து கேட்டான்?"

உப்புக்காத்து

மனுவோட படமும் சேத்து அனுப்பியிருந்தாவ. புன்னைக்காயல் சவேரியம்மா எழுதியிருந்தா: 'அவுக படம் இது ஒண்ணுதான். அப்பா மூஞ்சி தெரியாத புள்ள இருக்கு. பாத்துட்டுத் திருப்பி அனுப்பிருங்க.'

படத்தத் தேடுனா, மனுவுல ரெண்டு ஓட்டைதான் இருக்கு. கடக்காத்துல குண்டூசி துருப்பிடிச்சு காயிதம் கறையாயிரும்னு, நான் வாரதுக்கு முந்தியே அம்புட்டு ஊசியையும் அண்ணாச்சி பிடுங்கிட்டாரு. படமெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல கெடக்கு. ஒண்ணுலயும் பேரு கெடையாது.

"இப்ப எந்த மூஞ்சி எந்த வீட்டு மூஞ்சின்னு எப்படிக் கண்டுபிடிக்க?"ன்னு கத்துனேன். அவரு மனுவ ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாரு. "ஒரு பொட்டு கறை இருக்கா, பாத்துச் சொல்லு!"

வெட்டுன படம்

யாருகிட்டயும் கேக்காம படத்த வந்து வாங்கிக்கிடுங்கன்னு சவேரியம்மாவுக்கு ஒரு கார்டு போட்டேன். சனிக்கிழம காலையில மகளோட வந்து நிக்கா. முத்தத்துல காஞ்ச ஓலையெல்லாம் குமிச்சாச்சு. அண்ணாச்சி கையில தீப்பெட்டி.

ஐயா வெளிய வந்தாரு. "யாரு படத்த வேணும்னாலும் தூக்கிக் குடுக்க முடியாது. உங்க ஆளு எதுன்னு சந்தேகமில்லாமச் சொல்லணும்." நியாயந்தான், அதான் எரிச்சல்.

தரையில பரப்புனோம். எல்லாம் எண்ணெ வச்சு வாரின தலை, பின்னால ஸ்டுடியோ திரை. அந்தம்மா ஒண்ண எடுப்பா, வைப்பா. இன்னொண்ண எடுப்பா. "எத்தன வருசமாச்சு... எல்லாம் அவுக மாதிரிதான் இருக்கு தாயி."

"போதும், எடுத்து வைங்க"ன்னாரு ஐயா. அண்ணாச்சி குனிஞ்சாரு. நான் குறுக்க போயி நின்னேன். அண்ணாச்சி பிடுங்கிப் போட்ட ஊசி ஒண்ணு குதிகால்ல நறுக்குன்னு ஏறுச்சு. நகரல. "இவங்க பாத்து முடிக்கட்டும். உங்க மேசையில இத்தன வருசம் காத்துக் கெடந்துச்சுல்லா!"

அப்பத்தான் மக, "யம்மா, கலியாணப் படத்துலதான வெட்டுனிய?"ன்னு செபப் புஸ்தகத்த விரிச்சா. ரெண்டையும் சேத்து ஒட்டணும்னு மிச்சப் பாதியக் கொண்டாந்திருக்கா. மனு எழுதிக் குடுத்தவன் ஆம்பள படம் மட்டும் போதும்னானாம், அந்தம்மா தன்னய வெட்டி எடுத்துட்டு அனுப்பியிருக்கு. பாதிப் படத்துல முக்காடு போட்ட பொண்ணு நிக்கா, ஒரு கைக்கு வெரலக் காணோம்.

டப்பாப் படத்துல ஓரம் வெட்டினது எதுன்னு தேடுனோம். நாற்காலியில ஒரு பையன் உக்காந்திருக்கான். தோள்ல நாலு வெரல் மட்டும் இருக்கு.

சேத்து வச்சோம். பொருந்திருச்சு.

ஐயா கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தாரு. மகளுக்குக் காதோரம் நரைச்சிருக்கு. படத்தையே பாத்துக்கிட்டு நின்னவ சொன்னா: "யம்மா, எங்கப்பா என்னயவிடச் சின்னப் பையனால்லா இருக்காவ!"

மனு மூட்டையையும் டப்பாவையும் கொளுத்த விடாம நாங்க மூணு பொம்பளையளுமாத் தூக்கிட்டு வந்ததுல வேலை போச்சு, மிச்ச மூஞ்சியெல்லாம் யாரு யாருன்னு இன்னும் தெரியல, அந்த வீட்டுல நான் சம்பாதிச்சது குதிகால்ல ஏறுன அந்தத் துருப்பிடிச்ச ஊசி ஒண்ணுதான்.