பொண்ணோட அம்மா பாக்கணும்

இன்று காலை, திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் கிளம்பவில்லை. ஜன்னலுக்கு நேர் எதிரே என் தங்கை அமலியின் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். அவள் போய்ப் பத்து நாளாகிறது.

கையில் மேக்கப் பிரஷ்ஷோடு சிரிக்கிற படம். மணப்பெண் அலங்காரத் தொழிலுக்காக நான் எடுத்துக் கொடுத்தது. அவள் பேஜிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"பேஜ் எதுல ஆரம்பிக்கறது, ஃபேஸ்புக்கா, இன்ஸ்டாவாண்ணா?" என்று அன்று கேட்டாள்.

மெட்ராஸில் வேலை பார்க்கிற திமிரில், "இன்ஸ்டாதான். கல்யாணப் பொண்ணுங்கெல்லாம் அங்கதான் இருக்குதுங்க" என்றேன்.

"நம்மூர்ல பொண்ணா முடிவு பண்ணுது? பொண்ணோட அம்மா பாக்கணும்ணா. அவங்க எங்க இன்ஸ்டா பாத்துக்கினு இருக்காங்க?"

நான் கேட்கவில்லை. வந்தது ஒரே ஒரு ஆர்டர். அதுவும் என் ஆபீஸ் தோழி.

பக்கத்து சீட்டில் மயிலம் போகிற ஒரு அம்மா. அவரும் ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. அது மேக்கப் போடுற பொண்ணா? மொகம் எம்மாம் லட்சணமா இருக்குது! தை மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம். நம்பர் போட்டுருக்குதா, பாரேன்."

ஃபோனை எடுத்தேன்.

"நம்பர் இல்லம்மா. உங்க நம்பரக் குடுங்க, விசாரிச்சுச் சொல்றேன்."

அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல முடியவில்லை.

அமலி, பொண்ணோட அம்மா பார்த்துவிட்டார்.

மயிலம் பக்கம் நன்றாக மணப்பெண் மேக்கப் போடுகிறவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். இன்ஸ்டா லிங்க் மட்டும் வேண்டாம்.