நாற்றம் நுழையாத கடை

பேய், பிசாசு, காத்து கருப்பு என்று எவனாவது கதை விட்டால் மூஞ்சிக்கு நேராகக் காறித் துப்புகிற ஆள் நான். இன்றைக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. இப்போது சொல்லப்போவதும் பேய்க் கதை இல்லை. என்னவென்று எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல வராதீர்கள், அப்படி வந்தவர்கள் பலரோடு சண்டை போட்டு அலுத்துவிட்டேன்.

ஜெர்மன் சண்டைக்கு முன்னால் நடந்தது. வேலூரில் ஒரு வாசனைச் சரக்குக் கடையில் வேலை பார்த்தேன். சந்தனம், ஜவ்வாது, ஊதுபத்தி, பன்னீர், அத்தர். முதலாளி எடையில் கைவைக்கச் சொன்னான், முடியாது என்றேன், வாய்த்தகராறு முற்றி வெளியே வந்துவிட்டேன். அப்போது என் பொஞ்சாதி அலமேலுவுக்கு நிறைமாசம். அதற்கு முன் பிறந்தது ரெண்டும் தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது பிழைக்க வேண்டும், அதற்குச் சோறு போட ஒரு கடை வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

ஆம்பூர் என்று முடிவு செய்தேன். தோல் வியாபாரத்தில் ஊரே செழித்துக் கிடந்தது, கல்யாணம் என்றால் வாரி இறைப்பார்கள், ஆனால் நல்ல அத்தர் வாங்க வேலூருக்கு ரயில் ஏற வேண்டும். ஏன் அங்கே ஒருத்தனும் வாசனைக் கடை போடவில்லை என்றால் நாற்றம். பச்சைத் தோல், சுண்ணாம்புக் குழி, அழுகின கொழுப்பு, தோல் பதனிட ஊறின ஆவாரம்பட்டை எல்லாம் சேர்ந்து வருகிற நாற்றம். அங்கேயே பிறந்தவர்களுக்கு அது தெரியாது. ஆனால் அந்த நாற்றத்தோடு ரோஜா அத்தர் கலந்தால் யாருக்கும் வயிற்றைப் புரட்டும்.

கடை பார்க்கிறவன் ஜனம் நடமாட்டம் பார்ப்பான், வாசல் எந்தத் திக்கு என்று பார்ப்பான். நான் மூக்கால் பார்த்தேன். காலியாக இருந்த ஒவ்வொரு கடைக்குள்ளும் போய் நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே வருவேன். பைத்தியம் என்று சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. நம்பினால் நம்புங்கள், அது தோல் கிடங்கின் பின்சுவரை ஒட்டி இருந்தது. தெருவில் நின்றால் கண்ணில் நீர் வரும். படி ஏறி உள்ளே கால் வைத்தால் ஒன்றுமே இல்லை. துவைத்த துணி மாதிரி சுத்தமான காற்று. பின்னால் குடியிருக்க ஒரு அறை. வாடகையும் கம்மி. வீட்டுக்காரர் ஒரு முதலியார், தெருவிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"காத்து அந்தப் பக்கமா திரும்பிடுதுப்பா. கட்டடம் அப்படி."

இந்த ஆளுக்குத் தன் கடையின் அருமை தெரியவில்லை என்று மனசுக்குள் சிரித்தேன். என்னைவிடப் பெரிய முட்டாள் எவனும் இல்லை.

பக்கத்தில் கயிறுக்கடை வைத்திருந்த கரீம் பாய் அன்றே கேட்டார். "இன்னா தம்பி, இங்கயா? ஒருத்தனும் நிக்கமாட்டான் இங்க."

"ஏன் பாய்?"

"தெரியாது. மிட்டாய்க்காரன் ஒருத்தன் வந்தான், போய்ட்டான். நாத்தம் ஜாஸ்தியோ இன்னாமோ."

"நாத்தமா? உள்ள வந்து பாருங்க."

வந்தார். மூக்கை உறிஞ்சினார். முகம் ஒரு மாதிரி ஆகி மளமளவென்று வெளியே போய்விட்டார். "இன்னாமோ மாதிரி கீது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பூசை போட்டுக் கடை திறந்தேன். கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் கொளுத்தினேன், புகை வந்தது, மணம் வரவில்லை. காற்று இழுத்துக்கொண்டு போகிறது என்று நினைத்தேன். முதலில் வந்தவர் ஒரு கல்யாண வீட்டுக்காரர். அத்தர் புட்டியைத் திறந்து மோந்து பார்த்தார், இன்னொன்றைத் திறந்தார், இன்னொன்று.

"யோவ், வெளக்கெண்ணெய புட்டியில ஊத்தி விக்கிறியா? எங்கள இன்னான்னு நினைச்ச?"

எனக்கு ரத்தம் கொதித்தது. என்னையா எண்ணெய் விற்கிறவன் என்கிறாய் என்று அவர் பின்னாலேயே புட்டியோடு தெருவுக்கு ஓடினேன். படி இறங்கியதும் கையிலிருந்த புட்டி கமகமவென்று மணத்தது. அவர் நின்றார், திரும்பினார், என் முகத்தைப் பார்த்தார். "கண்கட்டு வித்தையா காட்டுற?" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதன் பிறகு அந்த வீட்டார் யாரும் வரவில்லை.

உனக்குச் சளி பிடித்திருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அடுப்பில் சோறு கரியாகிப் புகைந்தபோது அலமேலு பக்கத்திலேயே உட்கார்ந்து புடவை தைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் சளி என்று சொல்லிக்கொண்டேன். வேறு போக்கிடம் இல்லை. இந்த நிலைமையில் அவளை எங்கே அலைக்கழிப்பது? வாசலில் பெஞ்சு போட்டுச் சரக்கை அங்கே வைத்து விற்றேன்.

பிள்ளை பின் அறையில்தான் பிறந்தான். ஆண் பிள்ளை. நன்றாக அழுதான், நன்றாகப் பால் குடித்தான். மருத்துவச்சி முனியம்மாள் திருஷ்டி கழிக்க வேண்டும் என்று பகலிலேயே காய்ந்த மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டாள். திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி வராது என்பது உங்களுக்கும் தெரிந்ததுதானே. நெடி வரவில்லை. ஒரு தும்மல் இல்லை. "யம்மாடி, எம்மாங்கண்ணுடா எம்புள்ள மேல!" என்று இன்னும் ஒரு பிடி போட்டாள். வரவில்லை. இன்னும் ஒரு பிடி. மிளகாய் கருகிப் புகை சுவரெல்லாம் ஏறியது, நாங்கள் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்குக் கோபம் வந்தது. திருஷ்டியாம் திருஷ்டி, மட்டமான மிளகாய் என்று அந்தச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனேன்.

படியைத் தாண்டின உடனே என் தொண்டை அடைத்தது. கரீம் பாய் கயிற்றைப் போட்டுவிட்டு இருமிக்கொண்டே ஓடினார். வண்டிக்காரன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் அம்மாவைத் திட்டினான். "அட பாவி, இன்னாத்தக் கொளுத்தினு வர்ற? தெருவையே கொல்றியா?" என்று பாய் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினார். நான் சட்டியைச் சாக்கடையில் போட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

அப்போது அலமேலு வாசலுக்கு வந்தாள். பிள்ளை பெற்ற தீட்டு கழியவில்லை, தலைமுடி விரிந்து கிடக்கிறது, கையில் பிள்ளை. தெருவே பார்க்கிறது, அவள் யாரையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று இறங்கி நடுத்தெருவில் என் முன்னால் நின்றாள்.

"இவன் தலைய மோந்து பாரு."

"உள்ள போடி முதல்ல."

"மோந்து பாருய்யா. எங்க அக்கா புள்ளைங்கள நான்தான வளர்த்தேன். பச்சப் புள்ள வாசன எனக்குத் தெரியாதா? உள்ளதான் இல்லன்னு பார்த்தேன். இங்கயும் இல்லய்யா."

குனிந்தேன். தோல் நாற்றம் வந்தது, மிளகாய் நெடி வந்தது, அவள் மார்பில் கட்டின பால் வாசனை வந்தது, அவள் வியர்வை வந்தது. பிள்ளையின் உச்சியில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு இழுத்தேன். கல்லை மோந்து பார்த்தாலும் மண் வாசனை வரும். இவனிடம் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே கிளம்பினோம். முதலியார் வந்தார், தெருவில் நின்றார். சட்டையைப் பிடித்தேன்.

"உள்ள வாய்யா. உன் கடைதான, வந்து காட்டு."

"வரமாட்டேன்" என்றார். "அடிக்கணும்னா அடிச்சுக்கோ. உள்ள வரமாட்டேன்."

ஏன் என்று கேட்டேன். கண் கலங்கினார், சட்டையை விடுவித்துக்கொண்டு தெருவோடு போய்விட்டார். பிற்பாடு ஊரில் விசாரித்தேன். ஒருவன் அங்கே கிணறு மூடியிருக்கிறது என்றான், இன்னொருவன் சமாதி என்றான், மூன்றாமவன் யாரோ ஒருத்தி தூக்கு மாட்டிக்கொண்டாள் என்றான். மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள். மூன்று பேரும் பொய்யன்கள், ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது.

காட்பாடிக்கு வந்து சேர்ந்தோம். ஸ்டேஷன் பக்கம் சின்னதாக ஒரு கடை போட்டேன், அது ஓடுகிறது. பிள்ளை பிழைத்தான். நோய் நொடி இல்லை, இப்போது மீசை முளைத்த ஆள், ரயிலில் மூட்டை ஏற்றுகிறான். நாள் முழுக்க வெயிலில் சுமந்துவிட்டு வந்து கழற்றிப் போடுகிற சட்டையில் ஒன்றும் இருக்காது. அலமேலு அதை முகத்தில் வைத்துப் பார்ப்பதை என்றைக்கோ நிறுத்திவிட்டாள்.

நாலு வருஷமாக வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான், அவன்தான் சோறு வைக்கிறான். எங்களைக் கண்டால் வாலை ஆட்டி மேலே விழும். அவனை அதற்குத் தெரியாது. தட்டைத்தான் பார்க்கும். அவன் படுத்திருந்தால் கோணிச் சாக்கின் மேல் நடப்பதுபோல அவன் மேல் ஏறிப் போகும். நேராக எதிரில் உட்கார்ந்து அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான், நாய் காதைத் தூக்கும், வாசலைப் பார்க்கும், கூரையைப் பார்க்கும், அந்தக் குரல் எங்கே இருந்து வருகிறது என்று வீடு முழுக்கத் தேடும்.

அவன் அதைப் பார்த்துச் சிரிப்பான். மறுபடியும் கூப்பிடுவான்.