பதினாலு இல்லாத கத்தி

எங்க வூட்டுக்காரரு ராஜாங்கத்துக்குக் கை சும்மாவே இருக்காது. சுரங்கத்துல நிலக்கரி போற பெல்ட் கிழிஞ்சா ரப்பரை அறுத்து ஒட்டற கான்ட்ராக்ட் வேலை. அதுக்குன்னு ரெண்டாயிரத்து எட்டுல பண்ருட்டி சந்தையில ஒரு மடக்குக்கத்தி வாங்கினாரு. பதினேழு வருஷமா அது அவரு கையில, இல்லன்னா சட்டைப் பையில. சோறு போட லேட்டானா டக்குனு தொறப்பாரு, டக்குனு மூடுவாரு. டிவி பாத்தாலும் அதே. "ஏங்க, அதைத் தூக்கிக் கெடாசுங்க, மண்டைக்குள்ள தட்டுது"ன்னு நான் கத்தாத நாள் கிடையாது.

ஆனா சும்மா சொல்லக் கூடாது, நல்ல இரும்பு. ரப்பர் அறுத்துச்சு, பலாப்பழம் அறுத்துச்சு, எம்பொண்ணு தமிழ்நிலாவுக்குப் பென்சில் சீவுச்சு. தீட்டித் தீட்டி அலகு வேப்பிலை அகலத்துக்கு வந்துடுச்சு. ஒரு தடவை ரிவிட் ஆணி ஆடுச்சு, சுத்தியால ரெண்டு தட்டு தட்டி இறுக்கிகினாரு. கான்ட்ராக்ட்காரங்க நாலு பேரு மாறிட்டாங்க, கத்தி மாறல.

இப்ப சீனியாரிட்டி லிஸ்ட் எடுக்கறாங்க. பேரு மேல வந்தாதான் பர்மனென்ட்டுக்கு ஒரு வழி. தொடர்ச்சியா வேலை செஞ்சதைக் காட்டணும். நடுவுல ஒரு வருஷம் விட்டுப்போனாலும் அதுக்கு முன்னாடி ஒழைச்சதெல்லாம் சேராது. எங்ககிட்ட எல்லா வருஷத்துக்கும் சம்பளச் சீட்டு இருக்கு, ரெண்டாயிரத்துப் பதிமூணும் பதினாலும் தவிர. அப்ப இருந்த கான்ட்ராக்ட்காரன் காயிதம் ஒண்ணும் வெக்காம கடையைக் கட்டிகினு போயிட்டான், பாவி. அந்த ரெண்டு வருஷத்துக்கு அப்ப வேலை வாங்கின மேஸ்திரி லெட்டர் குடுத்தா போதும்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மேஸ்திரி மருதாசலம் கோயமுத்தூர் பக்கத்து ஆளு. ரெண்டாயிரத்துப் பதினாறோட வேலையை விட்டுட்டு மந்தாரக்குப்பத்துல இருக்காரு. அவருக்கு ஒரு பழக்கம். ஆயுத பூஜை அன்னிக்கு ஆளுங்க அவங்கவங்க சொந்தச் சாமானைப் படையல்ல வெப்பாங்க. பூஜை முடிஞ்சதும் ஒவ்வொண்ணுலயும் நம்பர் பஞ்சு, அதான் எண்ணு பதிக்கற இரும்பு அச்சு, அதை வெச்சு அந்த வருஷத்தை அடிச்சுடுவாரு. எங்க கத்தியோட இரும்புப் பிடியிலயும் வரிசையா இருக்கு. 08லேர்ந்து 12 வரைக்கும் படிக்கலாம். கடைசில 16, அதையும் படிக்கலாம். நடுவுல வழவழன்னு ஒண்ணுமே இல்ல. கட்டைவிரல் படற எடம் அதுதான்.

"பாத்தீங்களா, உங்க வெரலே நம்ம சோத்தைத் தின்னுடுச்சு!"ன்னு ஒரு வாரம் திட்டினேன். மனுசன் கத்தியைக் கையில எடுத்துகினாரு. டக்கு, டக்கு. "வாணாம் சாமியம்மா, வயசானவரைத் தொந்தரவு பண்ண வாணாம்"னு மட்டும் சொன்னாரு. வுடுவனா நான்? புதன்கிழமை காலையில பஸ்சுல இழுத்துகினு போயிட்டேன்.

மேஸ்திரி கத்தியை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "எனக்கு ஞாபகம் கெட்டுப்போச்சுங்க அம்மிணி. அறுபது பேரு இருந்தாங்க, யாரு எந்த வருசம்னு எப்படிச் சொல்றது? எம்பட பஞ்சு அடிச்ச தடம் இருந்தா கையெழுத்துப் போடறேன். இல்லாததுக்குப் போட மாட்டனுங்க."

"தேஞ்சு போச்சுங்க ஐயா!"

"இரும்புல அடிச்சது அத்தனை சுளுவாப் போயிராதுங்க"ன்னு சொல்லி, சாமி படத்துக்கு முன்னாடி இருந்த குங்குமத்தை எடுத்துப் பிடியில தேச்சு, வேட்டி நுனியால தொடச்சாரு. செவப்பா ஒரு எண்ணு தெரிஞ்சுது. 13! எனக்கு எழுந்து குதிக்கணும் போல இருந்துச்சு. அடுத்தது 15. அதை ஒட்டி 16. பதிமூணுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ஒரு நெல்லு வெக்க எடமில்ல.

"பதினாலு எங்க?"ன்னேன்.

"அது தேயல. அடிக்கவே இல்ல"ன்னாரு இவரு, தரையைப் பாத்துகினு. "பூஜைக்கு நான் போவல."

எனக்கு வந்துச்சே கோவம்! மேஸ்திரி இருக்காருன்னுகூடப் பாக்கல. "வருஷம் பூரா ஒழைச்சிட்டு அந்த ஒரு நாளு எங்கய்யா ஊர் சுத்தப் போன?"

"புதுச்சேரியில இருந்தேன். ஆஸ்பத்திரியில. உனக்கு மூளைக்காய்ச்சல் வந்துச்சே, அப்ப. பன்னண்டு நாளு நீ கண்ணே தொறக்கல."

"இத்தனை நாளு திட்டினேனே, ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா, என்னாலதான் போச்சுன்னு நீ அழுவ."

மேஸ்திரி பேனாவை எடுத்தாரு. பதிமூணுக்கு மட்டும் எழுதிக் குடுத்தாரு. "தப்பா நெனைக்காதீங்க அம்மிணி"ன்னாரு. அவரு மேல கோவப்பட எனக்கு மனசு வரல.

பதினாலோட சேத்து ஏழு வருஷ ஒழைப்பு போச்சு. பேரு லிஸ்ட்டுல எங்கயோ அடியில கிடக்கும். பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரும் உக்காந்தோம். இவரு கத்தியைப் பையில போட்டுட்டு, கையை மடியில வெச்சிகினு ஆடாம அசையாம இருந்தாரு. அதைத்தான் என்னால தாங்க முடியல.

அந்தப் பன்னண்டு நாள்ல எனக்கு ஞாபகம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. தலைமாட்டுல டக்கு டக்குன்னு ஒரு சத்தம். அது நின்னா பயமா இருக்கும், திரும்பக் கேட்டா தைரியம் வரும். ஆஸ்பத்திரி ஃபேனுன்னு இத்தனை வருஷமா நெனச்சிகினு இருந்தேன்.

"ஏங்க, அந்தக் கத்தியை எடுங்க"ன்னேன்.

"எதுக்கு? கெடாசப் போறியா?"

"தொறந்து மூடுங்க. பஸ்சு வர வரைக்கும் நிறுத்தாதீங்க."