கரடிக்குச் சிவப்பு

காது கேட்காதவளிடம் யாரும் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். காதுக்குள் வாயை வைத்துக் கத்துவார்கள். கத்தினால் கேட்கும் என்றால் அது என்ன செவிட்டுக் காது? எச்சில் தெறிப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. நேரே நின்று சாதாரணமாகப் பேசுங்கள், உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்று சிவகாசியில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அப்படியும் கத்துவார்கள். இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்தாம் வகுப்பில் வந்த காய்ச்சல் என் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. அதற்குள் பேசவும் படிக்கவும் பழகியிருந்ததால் அவை இரண்டும் மிஞ்சின. "இவள வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய?" என்று பள்ளிக்கூடம் கையை விரித்தது. சில வருடம் வீட்டில் இருந்தேன். பிறகு அண்ணன் வேலை பார்த்த லித்தோ அச்சகத்திலேயே என்னையும் சேர்த்துவிட்டார்கள். அண்ணன் அங்கே லேபிள் படம் வரையும் ஆர்ட்டிஸ்ட். நான் அச்சாகி வரும் லேபிள்களை அடுக்கிக் கட்டுப் போடும் பெண்களில் ஒருத்தி. அந்த அச்சகத்துக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கும் ஒரே முதலாளி.

எல்லாரையும் போல எனக்கும் சினிமா என்றால் உயிர். ஆனால் கொட்டகையில் நான் படத்தைப் பார்த்ததை விடப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்ததுதான் அதிகம். அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன், ஒரு நொடி பிந்தி. எதற்குச் சிரித்தோம் என்று கேட்டால், "அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. எதற்கென்றே தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று காது உள்ளவர்களுக்கு நான் எப்படிச் சொல்வது?

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், தீபாவளி லோடு எல்லாம் ஏற்றி முடிந்து கம்பெனி ஓய்ந்திருந்த நேரம். சீசன் நன்றாக இருந்த சந்தோஷத்தில் முதலாளி தொழிலாளர்களுக்கு ஒரு பொம்மைப் படம் காட்டுவதாகச் சொன்னார். வெளிநாட்டுப் படம். மதுரையிலிருந்து மெஷினும் சுருளும் வாடகைக்கு வந்து இறங்கின. படத்தில் ஒரு கரடி, ஒரு வாத்து, ஒரு ஆடு. மூன்றும் படகில் மீன் பிடிக்கப் போய் ஒரு குகைக்குள் மாட்டிக்கொள்ளும். பேசுவதெல்லாம் இங்கிலீஷ். யாருக்கு விளங்கும்? அதனால் கம்பெனியில் வெளியூர் ஆர்டர்களுக்குக் கடிதம் எழுதும் கிளார்க், படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அதை ஸ்லைடு போடுவது அண்ணன் பொறுப்பு. கண்ணாடித் துண்டை விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றி, ஊசியால் எழுத்தைக் கீறினால், திரைக்குக் கீழே கட்டிய துணியில் அது வெள்ளையாக விழும்.

ஸ்லைடுகளை அண்ணன் படத்தோடு ஓட்டிப் பார்த்தபோது நானும் கூட இருந்தேன். மூன்றும் யார் யார் என்று தெரிந்து பேச்சைப் படிப்பதில் முதலில் எனக்குச் சிரமம் இல்லை. வாயசைவது கரடியா ஆடா என்று திரையில் தெரியும். குகைக்குள் போனதும்தான் கெட்டது. திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் மூன்று ஜோடிக் கண்கள் மட்டும் மினுங்கும். படத்தின் பெரிய சண்டையே அந்த இருட்டுக்குள்தான். 'துடுப்பு எங்கே?' 'தின்றுவிட்டேன்.' 'அடப் பாவி!' யார் கேட்டது, யார் தின்றது, யார் திட்டியது?

"ஏ பிள்ள, குரலக் கேட்டாத் தெரியுமே" என்றான் அண்ணன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கம்பெனியில் மத்தாப்புப் பெட்டிக்குச் சுற்றும் கலர்க் கண்ணாடித் தாள் இருந்தது. அதில் கொஞ்சம் வாங்கி வந்து எழுத்துக்குப் பின்னால் ஒட்டச் சொன்னேன். கரடி பேசினால் சிவப்பு. வாத்துக்குப் பச்சை. ஆட்டுக்கு மஞ்சள். படம் காட்டும் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துக்குள்ளேயே எங்கள் செக்‌ஷன் ஆட்களுக்கு மட்டும் போட்டுப் பார்த்தார்கள். குகை வந்தது, இருட்டு வந்தது. சிவப்பில், 'துடுப்பு எங்கே?' மஞ்சளில், 'தின்றுவிட்டேன்.' எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பக்கத்துப் பெண் அப்போதுதான் வாயைத் திறக்கிறாள். அவளுக்கு முன்னால் நான் சிரித்துவிட்டேன்! வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவை ஒரு வழி பண்ணிவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு அக்கா இருந்தாள். எங்கள் முதலாளியின் கம்பெனியில்தான் வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை பார்த்தாள். அந்த அறை ஒருநாள் வெடித்தது. உயிர் தப்பியது, காது தப்பவில்லை. அவளோடு அன்றைக்கு அங்கே இருந்த அதே ஊர் ஆண்கள் இரண்டு பேருக்கும் அதே கதி. மூன்று பேரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை என்பதைக் கம்பெனியில் பெரிய தர்மமாகச் சொல்லுவார்கள். காகிதக் குழாய் உருட்டுகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குக் காது வேண்டாம் பாருங்கள்.

"எங்களுக்கு எதுக்குத் தாயி படம்? கண்ணு வலிக்க உக்காந்துட்டு வரவா?" என்றாள் அக்கா.

நான் விடவில்லை. கண்ணாடித் தாள் துண்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். வெயிலில் ஒவ்வொன்றாகப் பிடித்து, கையாலும் உதட்டாலும் சொல்லிக் காட்டினேன். சிவப்பு என்றால் கரடி, பச்சை என்றால் வாத்து, மஞ்சள் என்றால் ஆடு. அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆண்கள் இரண்டு பேரும் அதைவிடச் சுமாராகப் படிப்பார்கள். அக்கா சிவப்பைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, "இது கரடி" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பாள் போல, தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ சொல்லுதேன்னு வாரோம்" என்றாள். என்னை நம்பித்தான் வந்தார்கள். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

நான் அங்கே இருந்த அதே நேரத்தில் அச்சகத்தில் நடந்ததை அண்ணன் பிற்பாடுதான் சொன்னான். முதலாளி ஸ்லைடுகளைப் பார்க்க வந்திருக்கிறார். எங்கள் ஊரில் லேபிள் பார்க்க ஒரு முறை உண்டு. மாதிரியைச் சுவரில் குத்திவிட்டு, முதலாளி வாசல் கேட் வரை பின்னோக்கியே நடந்து போவார். அங்கே நின்று பார்க்கும்போது எந்தக் கலர் கண்ணில் அடிக்கிறதோ அதுதான் நல்ல லேபிள். கடையில் நூறு பெட்டிக்கு நடுவே நம் பெட்டி தெரிய வேண்டும் அல்லவா? அப்படிப் பார்த்தால் எப்போதும் சிவப்புதான் ஜெயிக்கும். சிவப்பு போதாது என்று எத்தனை நல்ல லேபிள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! அன்றைக்கும் இருட்டாக்கிய குடோனுக்குள் துணியில் ஸ்லைடுகளைப் போடச் சொல்லிவிட்டு மனிதர் கடைசிக் கதவு வரை நடந்திருக்கிறார்.

"ஏலே, பச்சையும் மஞ்சளும் அங்கன இருந்து பாத்தா செத்துக் கெடக்கு. எல்லாத்தையும் செவப்பா அடிச்சிரு."

"மொதலாளி, அது ஆளுக்கு ஒரு கலருன்னு..."

"படத்தக் காட்டுதோமா, பாடம் நடத்துதோமா? செவப்புதாம்லே கண்ணுக்கு எடுப்பாத் தெரியும்."

கிளார்க்கும் பக்கத்தில் நின்றிருக்கிறார். குரலை வைத்தே யார் பேசுகிறார்கள் என்று தெரிகிறதே, கலர் எதற்கு என்று அவரும் ஒத்து ஊதியிருக்கிறார். அண்ணன் பச்சையையும் மஞ்சளையும் உரித்துவிட்டுச் சிவப்பை ஒட்டினான். என்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வீட்டில் அன்றைக்கு முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டே திரிந்தான்.

படம் அச்சகத்துக் காகிதக் குடோனில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஜன்னல்களில் கருப்புக் காகிதம் ஒட்டி இருட்டாக்கியிருந்தார்கள். ஆமத்தூர், திருத்தங்கல் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து நெருக்கியடித்தார்கள். அக்காவையும் மற்ற இரண்டு பேரையும் நான் முன்னால் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா நல்ல சேலை கட்டி வந்திருந்தாள்.

முதல் ஸ்லைடு சிவப்பு. கரடிதான் பேசியது. அக்கா என் கையைத் தட்டித் தலையாட்டினாள். அடுத்து வாத்து வாயைத் திறந்தது. அதுவும் சிவப்பு. ஏதோ கண்ணாடி மாறிவிட்டது என்று நினைத்தேன். ஆடு பேசியது. சிவப்பு. அண்ணன் இருந்த பக்கம் திரும்பினேன். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

குகைக்குள் போனார்கள். இருட்டில் சிவப்பு எழுத்தாக வந்துகொண்டே இருந்தது. 'துடுப்பு எங்கே?' கரடி கேட்கிறது. 'தின்றுவிட்டேன்.' கரடியே சொல்கிறது. 'அடப் பாவி!' கரடியே கரடியைத் திட்டுகிறது. எங்களுக்குப் பின்னால் குடோன் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். தரை அதிர்ந்தது எனக்குக் காலில் தெரிந்தது. கரடியின் கட்டைக் குரலும் வாத்தின் கீச்சுக் குரலும் அவர்களுக்குத்தான் கேட்டதே! காது உள்ளவனுக்குச் சிவப்பென்ன, கறுப்பென்ன? கலர் தேவைப்பட்டது எங்கள் நான்கு பேருக்குத்தான். எங்கள் நான்கு பேருக்கு அந்தக் குடோனில் இடம் இருந்தது, இரண்டு துண்டு கண்ணாடித் தாள் இல்லை. அதுவும் யாருடைய கம்பெனி மருந்தில் அந்த மூன்று பேர் காது போனதோ அந்தக் கம்பெனிப் படத்தில்!

வெறும் வெள்ளை எழுத்தாக இருந்திருந்தால் கூட யார் சொன்னார்கள் என்று யோசித்திருப்பார்கள். நான்தான் பஸ் ஏறிப் போய், சிவப்பென்றால் கரடி என்று தலையில் ஏற்றிவிட்டு வந்தேனே. துடுப்பைத் தின்றது கரடிதான் என்று அந்த மூன்று பேரும் கடைசி வரை நம்பினார்கள்.

படம் முடிந்து ஜன்னல் காகிதத்தைக் கிழித்ததும் வெளிச்சம் வந்தது. முதலாளி வாசலில் மேசை போட்டு நின்று ஒவ்வொருவருக்கும் மிக்சர் பொட்டலம் கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. அக்காவைக் கண்டதும் குனிந்து அவள் காதுக்குள் ஏதோ கத்தினார். படம் எப்படி என்று கேட்டிருப்பார். எல்லாரிடமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவும் அப்படித்தான் யூகித்திருக்க வேண்டும். அவள் முகம் என் பக்கம் இருந்தது. உதடு தெளிவாகத் தெரிந்தது.

"நல்லாருந்துச்சு மொதலாளி. ஆனா கரடி ஒண்ணுதான் பேசுச்சு. தானே கேட்டுக்கிருச்சு, தானே பதில் சொல்லிக்கிருச்சு. மத்தது ரெண்டும் சும்மா வாய அசைச்சதோட சரி, எங்களாட்டம் செவிடு போல."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படித்தான் நினைத்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், முதலாளியும் சிரித்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மூணு பேரு பேசுனாக மொதலாளி. கரடி, வாத்து, ஆடு. மூணு பேரும் பேசுனாக. நீங்கதான் ஒருத்தர் வாயில போட்டு அமுக்கிட்டீக."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் திரும்பினார்கள். அண்ணன் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். நான் உதறிவிட்டு முதலாளியின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் வேண்டும் எனக்கு. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கிளார்க்கிடம் ஏதோ சொன்னார். குடோன் வாசல் முழுக்கச் சிரித்தது.

என்ன சொன்னார் என்று அண்ணனைக் கேட்டேன்.

"அப்புறம் சொல்றேன்" என்றான்.

வழக்கமாக எல்லாரும் சிரித்தால் நானும் ஒரு நொடி பிந்திச் சிரிப்பேன் என்று சொன்னேன் அல்லவா? அக்கா சிரிக்கத் தொடங்கியிருந்தாள், அவளுக்கும் அதே பழக்கம்தான். நான் அவள் தோளைத் தொட்டு, வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். பொட்டலங்களை முதலாளியின் மேசை மேல் வைத்துவிட்டு நானும் அவளும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.